அச்சிட்டது 17,796, மிஞ்சியது மூன்று: அமெரிக்கத் தங்க நாணயங்கள் அபூர்வமான கதை

1822-ல் ஃபிலடெல்ஃபியா நாணயசாலை ஐந்து டாலர் தங்க நாணயம் 17,796 அச்சிட்டதாகப் பதிவேடு சொல்கிறது. அந்த ஆண்டு பொறித்த நாணயம் இன்று மூன்றுதான் இருப்பதாகத் தெரிகிறது. இரண்டு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் வசம். அவை சந்தைக்கு வரப்போவதில்லை. தனியார் கையில் இருக்கும் ஒரே ஒரு நாணயம் 2021 மார்ச்சில் ஏலத்துக்கு வந்து 84 லட்சம் டாலருக்குப் போனது. அதன் எடை எட்டே முக்கால் கிராம். நம் கணக்கில் ஒரு சவரனும் மேலே கொஞ்சமும்.

மீதி 17,793 என்ன ஆயிற்று? தங்கம் துருப்பிடித்துக் காணாமல் போகிற உலோகம் இல்லை. ஐந்து டாலர் என்பது அன்றைய கூலியாளுக்குக் கிட்டத்தட்ட ஒரு வாரக் கூலி. தொலைத்துவிட்டுச் சும்மா இருக்கிற தொகையும் இல்லை. ஏறக்குறைய எல்லாமே மூசையில் உருகிப் போயின, அதுவும் நியாயமான லாபத்துக்காக.

19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கத் தங்க நாணயங்களைச் சேகரிப்பவர்கள் அபூர்வம் என்று சொல்வது பெரும்பாலும் இந்தத் தப்பிப் பிழைத்த கணக்கைத்தான். எத்தனை அச்சிட்டார்கள் என்பதை மட்டும் வைத்து விலையை ஊகிக்கிறவர் சீக்கிரமே குழம்பிப் போவார். ஒவ்வொரு பெரிய உருக்கலுக்குப் பின்னாலும் ஒரு சட்டமோ ஒரு போரோ இருக்கிறது. அவற்றைப் பின்தொடர்ந்து போனால் இந்தச் சந்தையின் விசித்திரமான விலைகளில் பாதி புரிந்துவிடும்.

அரைப் பங்கு வெள்ளி செய்த வேலை

1792-ல் அமெரிக்கா தன் நாணயச் சட்டத்தை இயற்றியபோது தங்கத்தில் மூன்று நாணயங்களை வைத்தது: பத்து டாலர் ஈகிள், ஐந்து டாலர் ஹாஃப் ஈகிள், இரண்டரை டாலர் குவார்ட்டர் ஈகிள். 22 காரட் தங்கம். 1795-ல் அச்சடிப்பு தொடங்கியது. வெள்ளி டாலரும் இதே சட்டத்தில் உண்டு என்பதால், தங்கத்துக்கும் வெள்ளிக்கும் ஒரு விகிதத்தைச் சட்டமே சொல்ல வேண்டியிருந்தது. ஒரு பங்கு தங்கத்துக்கு 15 பங்கு வெள்ளி என்று எழுதினார்கள்.

எழுதியபோது அது சந்தை விலைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் சில ஆண்டுகளிலேயே ஐரோப்பாவில் தங்கம் ஏறிவிட்டது. பிரான்ஸ் 1803-ல் 15.5 என்று சட்டமாக்கியது. ஒரு வியாபாரியின் கண்ணால் இதைப் பாருங்கள். அமெரிக்காவில் 15 கிலோ வெள்ளிக்கு ஈடான டாலர்களைக் கொடுத்தால் ஒரு கிலோ தங்கத்துக்கு ஈடான நாணயங்கள் கிடைக்கும். அதைக் கப்பலில் ஏற்றிப் பாரிஸுக்கு அனுப்பினால் 15.5 கிலோ வெள்ளி. கப்பல் கூலியும் காப்பீடும் போக லாபம் நிற்கும். இதற்குப் பெரிய மூளை தேவையில்லை.

அதனால் ஃபிலடெல்ஃபியாவில் அச்சான தங்கம் கடைத்தெருவுக்கே வரவில்லை. நாணயசாலையிலிருந்து வங்கிக்கு, வங்கியிலிருந்து துறைமுகத்துக்கு, அங்கிருந்து ஐரோப்பிய உருக்குச் சாலைக்கு. பத்து டாலர் நாணயத்தை 1804-ல் நிறுத்திவிட்டார்கள். மறுபடி தொடங்கியது 1838-ல்தான். ஹாஃப் ஈகிள் மட்டும் தொடர்ந்து அச்சானது. ஏற்றுமதிக்கு வசதியான தங்க வில்லை என்பதைத் தாண்டி அதற்கு வேறு வேலை இருந்ததாகத் தெரியவில்லை.

இறுதி அடி 1834-ல் விழுந்தது. ஆண்ட்ரூ ஜாக்சன் ஆட்சி. வங்கி நோட்டுகளை வெறுத்த அவருடைய கட்சிக்காரர்கள் மக்கள் கையில் தங்கம் புழங்க வேண்டும் என்றார்கள். புதிய சட்டம் நாணயத்தின் எடையையும் மாற்றையும் குறைத்து விகிதத்தை 16-க்குக் கொண்டுபோனது. பழைய ஹாஃப் ஈகிளில் சுத்தத் தங்கம் 8.02 கிராம், புதியதில் 7.52 கிராம். பழைய ஐந்து டாலர் ஒரே நாளில் சுமார் ஐந்து டாலர் 33 சென்ட் தங்கமாக மாறிவிட்டது. அதை ஐந்து டாலருக்குச் செலவழிக்கிறவன் முட்டாள்.

இங்கே ஒரு சின்ன விவரம் எனக்கு மிகவும் பிடிக்கும். கல்லாவில் இருப்பவர் பழையதையும் புதியதையும் பார்த்தவுடன் பிரிக்க வேண்டும் அல்லவா? அதற்காக வில்லியம் நீஸ் புதிய அச்சை வெட்டியபோது சுதந்திர தேவியின் தலையிலிருந்த குல்லாயை எடுத்துவிட்டு ஒரு பட்டை கட்டினார். பின்பக்கத்தில் கழுகின் தலைக்கு மேல் ஓடிய லத்தீன் வாசகத்தையும் நீக்கினார். வாசகம் இருந்தால் பழையது, மூசைக்கு. இல்லாவிட்டால் புதியது, கல்லாவுக்கு. உருக்குகிறவர்களுக்கு நாணயசாலையே அடையாளம் காட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

1813 முதல் 1834 வரையான ஹாஃப் ஈகிள்கள் மொத்தமாகவே அரிதாக இருப்பதற்கு ஐரோப்பாவுக்குப் போன ஏற்றுமதியும் 1834 சட்டமும்தான் காரணம். 1815-ல் அச்சிட்டது 635; இன்று இருப்பது ஒரு டஜனுக்குள். அதோடு பார்க்கும்போது 17,796-லிருந்து மூன்று என்பது அபத்தமாகத் தெரியும். இன்னொரு சிக்கலும் இதில் உண்டு. அந்தக் காலத்தில் எஃகு அச்சு விலை உயர்ந்தது, உடையும்வரை பயன்படுத்துவார்கள். போன ஆண்டு அச்சு நன்றாக இருந்தால் இந்த ஆண்டும் அதே அச்சுதான். ஆக, 1822-ல் அச்சானவை எல்லாம் 1822 என்று பொறித்தவை என்று சத்தியம் செய்ய முடியாது. பதிவேட்டு எண்ணை நம்பி அபூர்வத்தை அளக்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

கதவுக்கு முட்டுக் கொடுத்த தங்கம்

1799-ல் வட கரோலினாவில் கான்ராட் ரீட் என்ற 12 வயதுப் பையன் ஓடையில் ஒரு மஞ்சள் கல்லைக் கண்டெடுத்தான். 17 பவுண்டு, அதாவது ஏழரைக் கிலோவுக்கு மேல். மூன்று ஆண்டுகள் அது வீட்டுக் கதவுக்கு முட்டாகக் கிடந்தது. 1802-ல் ஒரு நகை வியாபாரி அதை மூன்றரை டாலருக்கு வாங்கிக்கொண்டு போனார். அதன் உண்மை மதிப்பு 3,600 டாலர் அளவில் இருக்கும். அப்புறம்தான் அந்தப் பகுதியே மண்வெட்டியை எடுத்தது. 1828, 1829 வாக்கில் பக்கத்து ஜார்ஜியாவிலும் தங்கம் கிடைத்தது. அது செரோக்கி என்ற பூர்வகுடி மக்களின் நிலம்.

இந்தத் தங்கத்தை மோசமான சாலைகளில் ஃபிலடெல்ஃபியாவரை கொண்டுபோவது ஆபத்தான வேலை. ஆகவே 1838-ல் வட கரோலினாவின் ஷார்லட்டிலும் ஜார்ஜியாவின் டலோனிகாவிலும் கிளை நாணயசாலைகள் திறந்தன. நியூ ஆர்லியன்ஸிலும் ஒன்று. டலோனிகா ஏப்ரலில் முதல் நாணயத்தை அச்சிட்டது. அடுத்த மாதம் ராணுவம் செரோக்கிக் குடும்பங்களை வீட்டை விட்டு இழுத்து முகாம்களில் அடைக்கத் தொடங்கியது. நாணயப் பட்டியல்கள் இந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

ஷார்லட் நாணயத்தில் சி, டலோனிகா நாணயத்தில் டி என்று ஒரு சின்ன எழுத்து இருக்கும். இரண்டும் தங்கத்தைத் தவிர வேறெதையும் அச்சிட்டதில்லை. இரண்டும் 1861-ல் உள்நாட்டுப் போரோடு மூடப்பட்டன. தொழில் நேர்த்தி என்று பார்த்தால் சுமார்தான். அச்சுகள் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வர வேண்டும், இயந்திரங்கள் பழுதாகும், அடி சரியாக விழாது. புதிதாக அச்சான நாணயமே தேய்ந்த மாதிரி தெரியும். டலோனிகாவின் ஆரம்பகாலத் தங்கத்தில் இயற்கையாகவே வெள்ளி கலந்திருந்ததால் சில நாணயங்களில் லேசான பச்சைச் சாயல் உண்டு. தெற்கத்தித் தங்கம் சேகரிப்பவர்கள் இந்தக் குறைகளுக்காகவே மயங்குகிறார்கள்.

இவற்றில் உச்சம் 1861-டி ஒரு டாலர். சுண்டுவிரல் நகத்தளவு இருக்கும், 1.67 கிராம். அந்த ஜனவரியில் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து புதிய அச்சுகள் டலோனிகாவுக்கு வந்து சேர்ந்தன. அதே மாதம் ஜார்ஜியா அமெரிக்க ஒன்றியத்தை விட்டுப் பிரிந்தது. நாணயசாலை தெற்கத்திக் கூட்டமைப்பின் கைக்குப் போனது. மிச்சமிருந்த தங்கத்தைக் கொண்டு அவர்கள் ஒரு டாலர் நாணயங்களை அச்சிட்டார்கள். எத்தனை என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆயிரம் முதல் ஆயிரத்தைந்நூறு வரை என்பது ஊகம். இன்று இருப்பவை நூறைத் தாண்டாது என்பது பொதுவான மதிப்பீடு. நாட்டின் பெயரைச் சொல்லும் முதல் சொல்லின் முதல் எழுத்தே அதில் மங்கலாக, சிலவற்றில் இல்லாமலே இருக்கும். ஒன்றியத்தை உடைத்துக்கொண்டு போனவர்கள் அதே ஒன்றியத்தின் பெயரைப் பொறித்த அச்சில் நாணயம் அடித்திருக்கிறார்கள், அதுவும் அரைகுறையாக.

நியூ ஆர்லியன்ஸில் இதே ஆண்டு நடந்ததற்குக் கணக்கு இருக்கிறது. 1861-ஓ இருபது டாலர் நாணயம் மொத்தம் 17,741. அதில் 5,000 அமெரிக்க அரசின்கீழ், 9,750 லூசியானா மாநிலத்தின்கீழ், 2,991 தெற்கத்திக் கூட்டமைப்பின்கீழ் அச்சானவை. ஒரே ஆண்டு, ஒரே வடிவம், மூன்று அரசாங்கங்கள்.

நூறே நூறு நாணயம்

வடக்கில் போர் வேறு விதமாக வேலை செய்தது. 1861 டிசம்பரில் வங்கிகள் நோட்டுக்குத் தங்கம் தருவதை நிறுத்தின. 1862-ல் அரசு கிரீன்பேக் என்ற காகிதப் பணத்தை இறக்கியது. 1864 ஜூலையில் நூறு டாலர் தங்கம் வாங்க 285 டாலர் காகிதம் தேவைப்பட்டது. அப்படியிருக்க யார் தங்கத்தைக் கடையில் நீட்டுவார்கள்? போர் முடிந்தும் இந்த நிலை 1879 வரை நீடித்தது. கிழக்குக் கரையில் தங்க நாணயத்துக்குத் தேவையே இல்லை என்பதால் ஃபிலடெல்ஃபியா பெயருக்கு அச்சிட்டது. 1875-ல் புழக்கத்துக்காக அச்சான பத்து டாலர் ஈகிள் நூறே நூறு. ஐந்து டாலர் இருநூறு.

மேற்கில் கதை தலைகீழ். கலிஃபோர்னியா கிரீன்பேக்கைத் தொடவே விரும்பவில்லை. அங்கே தங்கம்தான் பணம். சான்ஃபிரான்சிஸ்கோ நாணயசாலை லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளியது. ஆனால் அவை சுரங்கம், சூதாட்ட மேசை, சரக்குக் கடை என்று கைமாறித் தேய்ந்தன. ஆகவே 1860-களின் சான்ஃபிரான்சிஸ்கோ நாணயம் ஒன்று வேண்டுமென்றால் கிடைக்கும். தேயாத நிலையில் வேண்டுமென்றால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சேகரிப்பாளர்கள் இரண்டு அபூர்வங்களைப் பிரித்துப் பேசுவது இதனால்தான்: நாணயமே அரிது, நல்ல நிலையில் மட்டும் அரிது. இரண்டாவது வகையில்தான் புதிதாக வருகிறவர்கள் அதிகம் பணத்தை விடுகிறார்கள் என்பது என் எண்ணம். விலைப் பட்டியலில் நிலையைக் குறிக்கும் ஒரு தர எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவே விலை பத்து மடங்கு தாவும். கண்ணுக்கோ வித்தியாசம் தெரியாது.

அந்தக் காலத்திலேயே யாராவது எடுத்து வைத்திருக்கக் கூடாதா என்று தோன்றும். சேகரிப்பாளர்கள் இருந்தார்கள், 1857-ல் பெரிய செப்புக் காசை அரசு நிறுத்தியதும் அந்தப் பொழுதுபோக்கு நாடு முழுக்கப் பரவியது. ஆனால் அவர்கள் தேடியது செப்புக் காசுகளைத்தான். நாளுக்கு ஒரு டாலர் கூலி கிடைக்கிற காலத்தில் இருபது டாலரை அழகுக்காக அலமாரியில் வைப்பவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? வைத்தவர்களும் ஆண்டுக்கு ஒன்று போதும் என்றார்கள். அது எந்த ஊரில் அச்சானது என்பதை யாரும் பார்க்கவில்லை. 1893-ல் அகஸ்டஸ் ஹீட்டன் என்ற ஓவியர் நாணயசாலை எழுத்துகளைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதிய பிறகுதான், ஒரே ஆண்டின் எஸ் (சான்ஃபிரான்சிஸ்கோ), ஓ (நியூ ஆர்லியன்ஸ்), சிசி (கார்சன் சிட்டி) நாணயங்கள் தனித்தனி என்ற எண்ணமே பரவியது. அதற்குள் ஷார்லட்டும் டலோனிகாவும் மூடி 32 ஆண்டுகள் ஆகிவிட்டன.

ரூஸ்வெல்ட்டின் ஆணை, ஒரு சந்து

1933 ஏப்ரல் 5. அதிபர் ரூஸ்வெல்ட்டின் 6102-ஆம் ஆணை: மே 1-க்குள் எல்லோரும் தங்க நாணயம், தங்கக் கட்டி, தங்கச் சான்றிதழ்களை வங்கியில் ஒப்படைக்க வேண்டும். மீறினால் 10,000 டாலர் வரை அபராதம், பத்து ஆண்டு வரை சிறை. ஒருவர் நூறு டாலர் வரை வைத்துக்கொள்ளலாம். கொடுத்தவர்களுக்கு ஒரு அவுன்ஸுக்கு 20.67 டாலர் கணக்கில் காகிதம் கிடைத்தது. அடுத்த ஜனவரியில் அரசு அதே அவுன்ஸின் விலையை 35 டாலர் ஆக்கியது. மூட்டை மூட்டையாக வந்த நாணயங்கள் உருகிக் கட்டிகளாகி, அரசின் தங்கப் பெட்டகமான ஃபோர்ட் நாக்ஸுக்குப் போயின. எந்த ஆண்டு, எந்த எழுத்து என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

ஆனால் ஆணையில் ஒரு வரி இருந்தது. அரிய, அசாதாரண நாணயங்களைச் சேகரிப்பவர்களிடையே தனி மதிப்புள்ளதாக அங்கீகரிக்கப்பட்ட தங்க நாணயங்களுக்கு விலக்கு. அன்றைய கருவூலச் செயலர் வில்லியம் வுடின் பேர்போன நாணயச் சேகரிப்பாளர். அந்த வரியில் அவர் கை இருக்கிறது என்று சேகரிப்பாளர்கள் இன்றும் நன்றியோடு சொல்வார்கள்.

அந்த வரிதான் இந்தச் சந்தையை உருவாக்கியது என்று சொல்லத் துணிவேன். தங்கம் வைத்திருக்க ஆசைப்பட்ட பணக்காரருக்குச் சட்டப்படி இருந்த ஒரே வழி சேகரிப்பாளர் ஆவதுதான். பால்டிமோர் வங்கியாளர் லூயிஸ் எலியாஸ்பெர்க் அப்படித்தான் உள்ளே வந்ததாகச் சொல்கிறார்கள். 1942-ல் ஒரு முழுத் தொகுப்பை ஒரு லட்சம் டாலருக்கு வாங்கினார். 1950-க்குள் அமெரிக்கா அச்சிட்ட ஒவ்வொரு வகையிலும், அன்று தெரிந்த ஒவ்வொரு ஆண்டிலும், ஒவ்வொரு நாணயசாலை எழுத்திலும் ஒன்று அவரிடம் இருந்தது. முதல் பத்தியில் பார்த்த 1822 நாணயம் அவருடையதுதான். 1982-ல் அவருடைய தங்கம் ஏலத்துக்கு வந்தபோது அது 6,87,500 டாலருக்குப் போனது. ஸ்மித்சோனியனில் உள்ள தங்கத்தின் பெரும்பகுதியும் இதே தலைமுறையைச் சேர்ந்த ஒருவருடையது. மருந்து நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த ஜோசையா லில்லி ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தங்க நாணயங்கள் வைத்திருந்தார். 1968-ல் வாரிசுகளுக்குச் சுமார் 55 லட்சம் டாலர் வரிக் கழிவு தந்து அரசு அதை எடுத்துக்கொண்டது.

கடலும் மண்ணும் வங்கியும் திருப்பித் தந்தவை

அழிந்தது எது என்று சட்டங்கள் சொல்லும்; ஒளிந்திருப்பது எது என்று சொல்ல ஆளில்லை. 1857-எஸ் இருபது டாலர் இதற்குச் சரியான உதாரணம். இருபது டாலர் டபுள் ஈகிள், கலிஃபோர்னியாவில் கிடைத்த தங்கத்தின் பிள்ளை. 1849-ல் சட்டம் வந்தது, 1850-லிருந்து புழக்கம். எடை 33.4 கிராம், நான்கு சவரனுக்குச் சற்று மேல். ஆரம்பகால டபுள் ஈகிள்களைத் தேயாத நிலையில் பார்ப்பது 1980-கள் வரை பெரிய விஷயம்.

1857 செப்டம்பரில் பனாமாவிலிருந்து நியூயார்க் நோக்கி வந்த சென்ட்ரல் அமெரிக்கா என்ற நீராவிக் கப்பல் கரோலினா கரைக்கு அப்பால் புயலில் மூழ்கியது. சுமார் 425 பேர் இறந்தார்கள். கலிஃபோர்னியத் தங்கம் டன் கணக்கில் கூடவே போனது. அந்த ஆண்டு நியூயார்க் வங்கிகளில் ஏற்பட்ட பீதிக்கு இதுவும் எண்ணெய் ஊற்றியது. 1988-ல் ஓஹையோவைச் சேர்ந்த ஒரு குழு இரண்டு கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் கப்பலைக் கண்டுபிடித்தது. கடலடியில் குவியலாகக் கிடந்த நாணயங்கள் ஒன்றோடொன்று உரசிவிடக் கூடாது என்று, ரோபோவைக் கொண்டு குவியலின் மேல் சிலிக்கோனை ஊற்றி இறுகவைத்து அப்படியே பெயர்த்து எடுத்தார்கள். உள்ளே 1857-எஸ் இருபது டாலர் மட்டும் 5,400-க்கு மேல். அச்சாகிச் சில மாதங்களே ஆன நாணயங்கள், பல முதல் நாள் மெருகோடு.

அபூர்வம் அன்றோடு போயிற்று. விலை போயிற்றா என்றால், அங்கேதான் சுவாரசியம். 1850-களின் டபுள் ஈகிள் ஒன்று நல்ல நிலையில் வேண்டும் என்பவர்கள் எல்லோரும் இப்போது இதைத்தான் வாங்குகிறார்கள். கப்பல் கதைக்காக வாங்குகிறவர்கள் தனி. தங்க மதிப்பைவிட மிக உயர்ந்த விலையில்தான் அது இன்றும் விற்கிறது. வரத்து ஆயிரக்கணக்கில் கூடியும் கேட்பவர்கள் அதைவிட வேகமாகக் கூடிவிட்டார்கள்.

1865-ல் மூழ்கிய பிரதர் ஜொனாதன், ரிபப்ளிக் ஆகிய கப்பல்களும் இப்படித் தங்கத்தைத் திருப்பித் தந்திருக்கின்றன. நிலத்திலும் நடக்கும். 2013-ல் வட கலிஃபோர்னியாவில் தங்கள் நிலத்தில் நாயோடு நடந்துபோன ஒரு தம்பதி மண்ணிலிருந்து துருத்திக்கொண்டிருந்த தகர டப்பாவைப் பார்த்தார்கள். மொத்தம் எட்டு டப்பாக்கள், 1,427 தங்க நாணயங்கள், முகமதிப்பு 27,980 டாலர், 1847 முதல் 1894 வரையான ஆண்டுகள். ஒரு கோடி டாலர் பெறும் என்று மதிப்பிட்டார்கள். அதில் ஒரு நாணயம் மட்டுமே, 'கடவுளை நம்புகிறோம்' என்ற வாசகம் பொறிக்காத 1866-எஸ் இருபது டாலர், பத்து லட்சம் டாலர் அளவில் மதிப்பிடப்பட்டது. 2023-ல் கென்டகியின் ஒரு சோளக்காட்டில் எழுநூறுக்கும் மேற்பட்ட உள்நாட்டுப் போர்க்காலத் தங்க நாணயங்கள் கிடைத்தன. அதில் 1863-ஆம் ஆண்டு டபுள் ஈகிள் பதினெட்டு.

சத்தமில்லாமல் வருவது வங்கிகளின் வழியாக. 1933-க்கு முன் நாடுகளுக்கிடையே பெரிய கணக்குகளை டபுள் ஈகிள் மூட்டைகளாகத் தீர்த்துக்கொள்வார்கள். ஐரோப்பிய, தென் அமெரிக்க வங்கிகளின் பெட்டகங்களுக்குப் போனவை ரூஸ்வெல்ட் ஆணைக்கு எட்டவில்லை. அமெரிக்கக் குடிமகன் கையிலிருந்தது உருகியது. வெளிநாட்டு வங்கியில் தூங்கியது பிழைத்தது. அமெரிக்க வியாபாரிகள் பல பத்தாண்டுகளாக அவற்றைத் திரும்ப வாங்கி வருகிறார்கள். அவை வந்தபோதெல்லாம் ஏதாவது ஒரு ஆண்டின் விலை ஆட்டம் கண்டிருக்கிறது.

எண்ணுகிற தொல்லை

எத்தனை மிஞ்சின என்பதே விலை என்றால், எண்ணுவது யார்? 1986, 1987 வாக்கில் நாணயங்களைத் தரம்பிரித்து மூடிய பிளாஸ்டிக் வில்லையில் வைத்துத் தரும் நிறுவனங்கள் வந்தன. 70 வரையான அளவுகோல். 60-ம் அதற்கு மேலும் என்றால் புழங்காதது. எத்தனை நாணயங்களுக்கு எந்தத் தரம் கொடுத்தோம் என்று அவர்கள் பட்டியலும் வெளியிடுகிறார்கள். அந்தப் பட்டியலை அப்படியே நம்பக் கூடாது. 58 வாங்கிய நாணயத்துக்கு 61 கிடைக்குமா என்று வில்லையை உடைத்து மறுபடி மறுபடி அனுப்புகிறவர்கள் உண்டு. ஒரே நாணயம் பட்டியலில் நான்கைந்தாக ஏறிவிடும். கூடவே போலிகள். 1960-கள், 70-களில் பெய்ரூட்டில் நல்ல தங்கத்திலேயே கள்ள நாணயம் அடித்தார்கள். சாதாரண நாணயத்தில் சின்ன டி எழுத்தை ஒட்டுகிற வேலை அதைவிடப் பழையது. இப்போது பிளாஸ்டிக் வில்லையையே போலியாகச் செய்கிறார்கள்.

அதனால் உண்மையான அபூர்வங்களில் வேலை செய்கிறவர்கள் நாணயங்களை மனிதர்களைப் போல ஒவ்வொன்றாக அறிந்து வைத்திருக்கிறார்கள். பழைய ஏலப் பட்டியல்களின் படங்களில் ஒரு கீறல், விளிம்பில் ஒரு செம்புப் புள்ளி என்று பார்த்து, இது இன்னாரிடம் இருந்தது என்று சொல்வார்கள். 1854-எஸ் ஐந்து டாலர் இதற்குச் சாட்சி. சான்ஃபிரான்சிஸ்கோ நாணயசாலை திறந்த ஆண்டு அது. தங்கத்தைப் பிரிக்கும் அமிலம் போதவில்லை, மக்களும் பெரிய நாணயங்களையே கேட்டார்கள். ஐந்து டாலர் அச்சானது 268 மட்டும். மூன்றுதான் மிஞ்சின என்று நீண்ட காலம் நம்பினார்கள். ஒன்று ஸ்மித்சோனியனில், ஒன்று தனியாரிடம், இன்னொன்று 1967-ல் ஃபுளோரிடாவில் நடந்த ஒரு ஆயுதக் கொள்ளையில் போனது. 2018-ல் நியூ இங்கிலாந்துக்காரர் ஒருவர் நான்காவதைக் கொண்டுவந்தார். முதலில் காட்டிய இடங்களில் போலி என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். பிறகு நிபுணர்கள் ஸ்மித்சோனியன் நாணயத்தின் படத்தோடு ஒப்பிட்டார்கள். திருடுபோனது இது இல்லை என்றும் உறுதி செய்தார்கள். அந்த ஆகஸ்டில் அது 21.6 லட்சம் டாலருக்கு விற்றது. திருடுபோனது எங்கோ இருக்கலாம், உருகியும் போயிருக்கலாம்.

சரி, ஒன்றே ஒன்று மட்டும் தெரிந்த நாணயத்துக்கு என்ன விலை? 1870-ல் சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு அனுப்பிய மூன்று டாலர் அச்சில் எஸ் எழுத்தைப் பொறிக்க ஃபிலடெல்ஃபியாவில் மறந்துவிட்டார்கள். அங்கிருந்த அச்சடிப்பு அதிகாரி ஹார்ம்ஸ்டட் கையாலேயே எழுத்தை வெட்டினார். அந்த அச்சிலிருந்து வந்ததில் தெரிந்தது ஒரே நாணயம்தான். ஒரு காலத்தில் நகையாக மாட்டியிருந்த தழும்பு உண்டு. பின்பக்கத்தில் யாரோ 893 என்று கீறியிருக்கிறார்கள். எலியாஸ்பெர்க் ஏலத்தில் 1822 நாணயம் போன அதே 6,87,500 டாலருக்கு இதுவும் போனது. 2023 ஜனவரியில் 55.2 லட்சம் டாலர். அதோடு கூடவே ஒரு பழைய துண்டுச் சீட்டும் வந்தது: இந்த நாணயசாலையில் 1870-ல் அச்சான மூன்று டாலர் இது ஒன்றே, இதன் இணை புதிய நாணயசாலையின் அடிக்கல்லில் இருக்கிறது. அந்தக் கட்டடம் 1906 நிலநடுக்கத்துக்கும் தப்பி, சான்ஃபிரான்சிஸ்கோவில் ஐந்தாம் தெருவும் மிஷன் தெருவும் கூடும் இடத்தில் இன்றும் நிற்கிறது. அடிக்கல்லை யாரும் திறந்து அந்த நாணயத்தை எடுத்ததில்லை; 55 லட்சம் கொடுத்தவருக்கும் இது தெரியும்.